அத்தைக்கென்று வரைந்த அறை

நிவித்திகலைக்கு மேலே இருக்கும் தோட்டத்தில், தொழிலாளர் வரிசைவீடான எங்கள் லயக் காம்பராவின் கட்டிலில் நான் விரித்துப்போட்ட, அண்ணனின் புது வீட்டு வரைபடத்தை அத்தை முதலில் தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருந்தார். திருப்பி வைத்தேன். நடுவில் சுருண்டிருந்த கோடுகளின்மேல் விரலை ஓட்டி, "இது என்னா பாப்பா, நத்தை மாதிரி?" என்று கேட்டார். படிக்கட்டு என்றேன். விரல் சட்டென்று விலகியது. "அப்ப நான் எங்க படுக்கிறது?" வாசலை ஒட்டியிருந்த கீழ் அறையைக் காட்டினேன். பெரிய சன்னல், ரோட்டில் வருகிறவர்களைப் படுத்தபடியே பார்க்கலாம் என்றேன். "அது போதும். யாராச்சும் வந்தா எனக்குத் தெரியணும்" என்றார்.

மண்சரிவு ஒன்றில் அம்மாவும் அப்பாவும் போன பிறகு எங்களை வளர்த்தவர் அவர். அப்பாவின் அக்கா. அப்போது அண்ணனுக்கு மூன்று வயது, நான் கைக்குழந்தை. அத்தை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போவார், திரும்பி வந்து எங்களைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்புவார். பிற்காலத்தில் ஒரு மழைநாளில் பால் வாளியோடு சரிவில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அதற்குப் பிறகு கைத்தடியோடு சமதரையில் நடப்பதே பெரும்பாடாகிவிட்டது.

அண்ணன் இரத்தினபுரியில் மாணிக்கக் கல் வியாபாரத்தில் இறங்கி மேலே வந்தவர். நகரத்து அடுக்குமாடியொன்றில் தரையோடு தொடங்கும் இரண்டு தளமுள்ள வீடு வாங்கியதும் என்னைக் கூப்பிட்டார். வீடுகளின் உட்புறத்தை வடிவமைப்பது என் தொழில். கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, "உள்ளுக்கு வர்றவன் அப்படியே அசந்து நிக்கணும்" என்றார். எனக்கும் அந்த ஆசை இருந்தது. தூண் எதுவும் தாங்காமல், அவிழ்ந்த நாடா தொங்குவதுபோல் கூடத்தின் நடுவில் இறங்கும் படிக்கட்டை வரைந்தேன். வெள்ளைப் பூச்சு, ரப்பர் மரத்தில் மிதிபலகைகள். வீட்டின் மற்ற எல்லாமே அதற்கு வழிவிட்டன. சுவர்களுக்கு நிறம் கொடுக்கவில்லை. சோபாவை அந்த வளைவுக்கேற்பச் செய்வித்தேன். சமைக்கிறவருக்கும் படிக்கட்டு தெரியவேண்டுமென்று சமையலறைச் சுவரை எடுத்தேன். ஏற முடியாதவர் கீழே இருக்கப்போகிறார் என்ற தைரியத்தில்தான் அத்தனையையும் வரைந்தேன்.

பால் காய்ச்சி, எல்லோரும் குடிபுகுந்த பிறகு நான் கொழும்பில் வேறொரு வேலைக்குப் போய்விட்டேன். அடுத்தமுறை வந்தபோது கீழ் அறையில் அத்தையின் கட்டில் இல்லை. சன்னலோரம் ஒரு மேசையும், கல் வாங்க வருபவர்களுக்கான நாற்காலிகளும் இருந்தன. கல்லைப் பார்க்கக் காலை வெளிச்சம் வேண்டும், வீட்டிலேயே நல்ல வெளிச்சம் அங்கேதான் என்றார் அண்ணன்.

"அத்தை எங்கண்ணே?"

"மேல ரூம் குடுத்திருக்கேன். ஏசி போட்டிருக்கு. டிவி இருக்கு. இன்னும் என்ன வேணும்?"

"அவங்க எப்படி எறங்குவாங்க?"

"எறங்கி எங்க போகப் போறாங்க?"

அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். அண்ணி சோபாவைத் துடைத்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. மேலே போனேன். அறையின் ஒரே சன்னல் பக்கத்துக் கட்டடத்தின் சுவரைப் பார்த்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் மட்டும் டிரைவர் தூக்கிக்கொண்டு இறங்குவாராம். "சோறு எல்லாம் மேலயே வந்துருது பாப்பா" என்றார் அத்தை. குறை சொல்கிற குரலில் சொல்லவில்லை. என்னோடு வந்துவிடுங்கள் என்றேன். "அவன் மனசு நோகும்" என்றார். லயக் காம்பராவில் அதற்குள் வேறு குடும்பம் குடியேறியிருந்தது.

சில மாதம் கழித்து, திரைச்சீலை மாற்ற நான் போயிருந்த காலையில் அது நடந்தது. கண்டியிலிருந்து பெரிய வியாபாரி ஒருவர் வந்திருந்தார். அண்ணன் அவரைக் கூடத்தில் நிறுத்திப் படிக்கட்டைக் காட்டிக்கொண்டிருந்தார். மேல்படியில் அத்தை தெரிந்தார். கைத்தடியை ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தார். கைகளை ஊன்றி, உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக நகர்ந்து இறங்கத் தொடங்கினார். சேலை மடிப்பு கலைந்து கணுக்காலுக்கு மேலே ஏறியது. நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். "விடு பாப்பா, நானே வர்றேன்" என்றார்.

இவர் யாரென்று வியாபாரி சிங்களத்தில் கேட்டார். அண்ணன் சிரித்துக்கொண்டே, அதே மொழியில், வீட்டு வேலைக்கு இருக்கிற அம்மா என்றார்.

நிவித்திகலைக் கடைகளில் காலமெல்லாம் சிங்களம் பேசிச் சாமான் வாங்கியவர் அத்தை. கடைசிப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். பிறகு அந்த மனிதரை நிமிர்ந்து பார்த்து, நல்ல சிங்களத்தில் நிதானமாகச் சொன்னார்: "ஆமாங்க ஐயா. இவருக்கு மூணு வயசாயிருக்கயிலயிருந்து நான்தான் வேலை பாக்குறேன்."

வியாபாரி தலை குனிந்துகொண்டார். அண்ணனின் முகம் வெளிறியது. 'என் அத்தை' என்று அவர் சொல்லும் ஒரு வார்த்தைக்காக அத்தை காத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும். வராதென்று தெரிந்ததும் என் பக்கம் திரும்பினார். "என் பையை எடுத்துட்டு வா. போவோம்."

கொழும்பில் நான் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில், அத்தை முன்னறையில் இருந்தார். அண்ணன் ஒருமுறை வந்தார். "தோட்டத்தில எல்லாரும் கேக்குறாங்க அத்தே, வாங்க" என்றார். "அவங்க கேக்குறதுனால வந்தியா, நீயா வந்தியா?" என்றார் அத்தை. அண்ணன் கார்ச் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். அத்தை தேத்தண்ணி போடச் சொல்லி, அவர் குடித்து முடிக்கும்வரை கூடவே இருந்து, அனுப்பிவைத்தார். அன்று இரவு அத்தை சாப்பிடவில்லை. மறு மழைக்காலம் வருவதற்குள் கண்ணை மூடிவிட்டார்.

அண்ணன் வீட்டுக்கு இந்த ஆண்டு, அத்தையின் திவசத்துக்காகப் போனேன். படிக்கட்டின் வளைவுக்கு எதிரே, நான் வெறுமையாக விட்டிருந்த வெள்ளைச் சுவரில், ஆளுயரத்துக்கு அத்தையின் படம் மாட்டியிருக்கிறது. தோட்டத்து அடையாள அட்டைக்கு எடுத்த பழைய படத்தை ஸ்டூடியோவில் கொடுத்துத் திருத்தியிருக்கிறார்கள். பட்டுச் சேலை, கழுத்தில் பதக்கச் சங்கிலி, வெயிலே படாத கன்னம். வந்தவர்களிடம் அண்ணன் கண் கலங்க, "எங்கள வளத்த தெய்வம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னையும் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்தி, "எப்படி வந்திருக்கு?" என்று கேட்டார்.

கொஞ்ச நேரம் பார்த்தேன். அந்தப் பெண்ணை எனக்கு அடையாளம் தெரியவில்லை.