ஐந்தாவது ஸ்லைடிலிருந்து

இது கட்டுக்கதை இல்லை. என் வீட்டுக்காரருக்கு நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். யாராவது பேய், பிசாசு என்று ஆரம்பித்தால் எழுந்து பாத்திரம் கழுவப் போகிறவள்தான் நானும். ஆனால் கடைசியில் ஒன்றை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். அதனால் சொல்கிறேன்.

அவருக்குக் குளிர்பதனக் கிடங்கில் வேலை. புதிதாகச் சேருகிறவர்களை மாடி அறையில் உட்காரவைத்து, கம்ப்யூட்டரில் ஸ்லைடு போட்டுப் பாதுகாப்பு வகுப்பு எடுப்பார். வீட்டில் ஒரு பல்பு மாற்றக் கை நடுங்கும். அங்கே போனால் ஊருக்கே உபதேசம். முந்தின நாள் வீட்டில் ஒத்திகை வேறு பார்ப்பார். கேட்டுக் கேட்டு எனக்கே எல்லா ஸ்லைடும் மனப்பாடம்.

முதல் மூன்று ஸ்லைடும் வெறும் பெருமை. முதலாளியின் மீசை, கட்டடம், வாங்கிய கேடயங்கள். அதனால் அவர் எப்போதும் நான்காவதைத் தொட்டுவிட்டு, ஷிஃப்டை அழுத்திக்கொண்டு எஃப்-ஐந்தைத் தட்டுவார். தொட்ட இடத்திலிருந்து ஓட ஆரம்பிக்கும்.

நான்காவதுதான் உயிர்நாடி. குளிர் அறைக் கதவை உள்ளேயிருந்து எடுத்த படம். கதவு சாத்திக்கொண்டால், அதற்கு வலப்பக்கச் சுவரில், தொங்குகிற பிளாஸ்டிக் திரைக்குப் பின்னால் ஒரு பச்சைக் குமிழ். படத்தில் திரையை விலக்கிக் காட்டியிருப்பார்கள். குமிழ் காளான் மாதிரி வெளியே துருத்திக்கொண்டிருக்கும். அதை அமுக்கினால் கதவு திறந்துவிடும். தெரிந்தவனுக்கு ஒரு நொடி வேலை.

ஒரு நாள் வகுப்புக்கு ஆட்கள் தாமதமாக வந்தார்கள். கீழே லாரிக்காரன் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தான். அவசரத்தில் இவர் நான்குக்குப் பதிலாக ஐந்தைத் தொட்டுவிட்டார். திரையில் கையுறை போடும் படம் வந்தது. தவறு அப்போதே தெரிந்தது. ஒரு தட்டுத் தட்டினால் பின்னால் போயிருக்கலாம். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். நாளைக்கும் சொல்லவில்லை.

அன்று கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தவனுக்கு வந்த அன்றே மப்ளர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். கொளுத்துகிற வெயிலிலும் கழுத்தில் மப்ளரோடு வந்தவன் அவன். ஆள்காட்டி விரலில் நீலப் பிளாஸ்திரி. சாப்பாட்டுப் பொருள் கிடங்கில் நீலம்தான் ஒட்டுவார்கள், பெட்டிக்குள் விழுந்தால் பளிச்சென்று தெரியும் என்பதற்காக. இவருடைய புளித்துப்போன ஜோக்குக்கு அவன் ஒருவன்தான் சிரித்தானாம்.

மூன்றாவது வாரம் மப்ளர் குளிர் அறைக்குள் மாட்டிக்கொண்டான். உள்ளே ஆள் இல்லை என்று நினைத்து யாரோ கதவைச் சாத்தி, விளக்கையும் அணைத்துவிட்டுப் போய்விட்டார்கள். காலையில் திறந்தபோது உடம்புதான் இருந்தது.

"குமிழ் எங்க இருக்குன்னு வகுப்புல சொல்லிக் குடுத்திருக்கோம்" என்றார் மேனேஜர். "இவன் மூட்டைக்குப் பின்னால படுத்துத் தூங்கியிருக்கான். வேறென்ன?"

மப்ளரின் அக்கா கிடங்கு வாசலில் நின்றாள். "என் தம்பி வேலை நேரத்துல தூங்குறவன் இல்ல சார்." மேனேஜரிடம் இல்லை, இவரைப் பார்த்துத்தான் சொன்னாள். இவர் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

நடந்ததை என்னிடம் மட்டும் சொன்னார். அதற்கு நான் சொன்ன பதில் இன்றைக்கும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

"வாயைத் திறக்காதீங்க. போன உயிர் திரும்பியா வரப்போகுது? வேலை போச்சுன்னா நம்ம கதி?"

அவரும் வாயைத் திறக்கவில்லை. சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துவிடுவார்.

அடுத்த வகுப்பு வந்தது. வியாழக்கிழமை, பட்டப்பகல். ஆறு புது ஆட்கள். நான்காவது படத்தைப் பார்க்க இவருக்குத் தெம்பில்லை. குமிழைக் கீழே கூட்டிப்போய் நேரில் காட்டிவிடலாம் என்று மனதைச் சமாதானம் செய்துகொண்டார். இந்தத் தடவை வேண்டுமென்றே ஐந்தைத் தொட்டார்.

மணி 2:10. ஷிஃப்ட். எஃப்-ஐந்து.

நான்கு வந்தது.

விரல் தவறியிருக்கும் என்று நினைத்தார். எஸ்கேப்பைத் தட்டி வெளியே வந்து, ஐந்தைத் தொட்டு, சரியாகத் தொட்டோமா என்று பார்த்துவிட்டுத் தட்டினார்.

மறுபடியும் நான்கு.

இப்போது படத்தின் ஓரத்தில் ஏதோ கறை மாதிரி இருந்தது. போய்த் திரையைத் துடைத்தார். கறை போகவில்லை. அது கறையே இல்லை...

ஒரு கை.

சுவரைத் தடவுகிற மாதிரி விரல்கள் விரிந்திருந்தன. குமிழுக்கு ஒரு சாண் தூரம்.

ஏசி ஓடவில்லை. ஆனால் இவர் மூச்சு விட்டபோது வாயிலிருந்து புகை வந்தது.

மணி 2:13. மூன்றாவது தடவை.

நான்கு.

கை நெருங்கியிருந்தது. நாலு விரற்கடைதான் பாக்கி.

முன்னால் இருந்த பெண் கேட்டாள். "சார், அது யார் கை?"

அப்படியானால் அவளுக்கும் தெரிகிறது...

ஆள்காட்டி விரலில் நீலப் பிளாஸ்திரி.

தப்... தப்... தப்...

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து. உள்ளங்கையால் தட்டுகிற சத்தம்.

தப்... தப்...

பிறகு கடைசி நாற்காலியிலிருந்து ஒரு குரல். துணிக்குள்ளிருந்து பேசுவதுபோல் அடைத்த குரல்.

"சார்... இதை எங்களுக்குக் காட்டலையே..."

ஆறு பேரும் திரும்பினார்கள்.

நாற்காலி காலி.

இவருக்கு ஓடத் தோன்றவில்லையாம். அழுகைதான் வந்ததாம். "காட்டலைப்பா" என்றார். "தெரிஞ்சேதான் விட்டேன். தப்பு என்னோடது, உன்னோடது இல்ல."

தட்டல் நின்றது. இவர் எதையும் தொடாமலே ஐந்தாவது ஸ்லைடு வந்து நின்றது.

நேராகக் கீழே போய் மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னார். "உளறாதீங்க" என்றார் மேனேஜர். இவர் விடவில்லை. புது ஆட்கள் ஆறு பேர் முன்னால் சொன்னதை இனி யார் மறைப்பது? மப்ளர் மேல் போட்ட பழியை எடுத்தார்கள். இவரை வகுப்பிலிருந்து தூக்கி, பெட்டி எண்ணுகிற வேலைக்குப் போட்டார்கள்.

இரண்டு பேருமாக மப்ளரின் அக்கா வீட்டுக்குப் போனோம். அவள் திட்டுவாள், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போனோம். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அவன் தூங்கலைதானே சார்?"

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பதில் பத்து நாள் கழித்துக் கிடைத்தது. கிடங்குக் கதவுகளைப் பழுதுபார்க்கிற மெக்கானிக் ஒருவர், டீ குடிக்கும்போது இவரிடம் தானாகவே சொன்னார். வகுப்பில் நடந்தது எதுவும் அந்த மனிதருக்குத் தெரியாது.

"தூங்கினான்னு எவன் சொன்னது? அன்னைக்குக் காலையில நானும்தான் உள்ள போனேன். சுவரெல்லாம் பனி. அதுல உள்ளங்கைத் தடம். கதவுக்கு இடப்பக்கம் ஆரம்பிச்சு, இருட்டுல அறையைச் சுத்தித் தடவிக்கிட்டே வந்திருக்கான். ஒரு சுவர் பாக்கியில்ல. வலப்பக்கத்துத் திரைகிட்ட வந்து நின்னுபோச்சு. அங்கேர்ந்து குமிழுக்கு..."

கையை விரித்துக் காட்டினாராம்.

ஒரு சாண்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அவர் கம்ப்யூட்டரை என் பக்கம் தள்ளினார். "நீயே பாரு. எனக்குத் தெம்பு இல்ல."

நான்தான் திறந்தேன். நான்கைத் தொட்டேன். ஷிஃப்ட். எஃப்-ஐந்து.

கை இல்லை. அதே பழைய படம். விலக்கிய திரை, சுவர், கதவு. அப்பாடா என்று மூடப் போனேன்... அப்போதுதான் குமிழைப் பார்த்தேன்.

காளான் மாதிரித் துருத்திக்கொண்டிருக்குமே. அது உள்ளே அமுங்கியிருந்தது.

கதவு மட்டும் சாத்தியே இருந்தது.