ரஹ்மத்பீக்கு வேண்டிய ‘ம்’

உத்திரமேரூரை ஒட்டிய ஒரு ஜமாத்தின் குடும்பப் பதிவில் ரஹ்மத்பீக்கு ஒரு வரி உண்டு: ‘கணவர் பராமரிப்பில் உள்ளவர், தொழில் இல்லை.’ அதை எழுத ஆள் வந்தபோது அவள் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைத்துக்கொண்டிருந்தாள். பராமரிக்கும் கணவர் காதர்பாஷா, எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டுபவர், மனசு வந்தால் கட்டுவார். அன்று தூங்கிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் பெண்களுக்கான பயானில், அதாவது மார்க்கச் சொற்பொழிவில், பள்ளிவாசல் ஹஜ்ரத் சொன்னார்: மனைவிக்குச் சோறு போடுவது கணவன் கடமை, சமைப்பது அவள்மேல் சட்டக் கடமையல்ல, நல்லெண்ணம், அவள் சம்பாத்தியம் அவளுக்கே. ரஹ்மத்பீ பூரித்துப்போய் அதை வீட்டில் வந்து ஒப்பித்தாள். அங்கேதான் தப்பு செய்தாள். காதர்பாஷா போய் மிச்சச் சட்டத்தையும் கேட்டுக்கொண்டு வந்தார்.

“சம்பளம் உன்னுதுதான், நா கேக்கல. ஆனா வாசப்படி தாண்ட எம் பர்மிசன் வோணுமாம். தெனம் கேட்டுட்டுப் போ.”

“கேக்கறேன். அரிசி வாங்கியாறது உங்க கடமையாமே?”

“இன்ஷா அல்லா, வாங்கலாம்.”

அரிசியை அவளே வாங்கினாள். விடியுமுன் எழுந்து, சட்டம் கேட்காத சோற்றை வடித்துவிட்டு, சட்டம் கேட்கிற அனுமதிக்காகக் கட்டிலருகே நிற்பாள். அவர் “ம்” என்றதும் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுவாள்.

ஒரு திங்கட்கிழமை ‘ம்’ வரவில்லை. ஞாயிறன்று அவள் கறி எடுக்காத வருத்தம் அவருக்கு. கண் மூடியிருந்தது, கால் விரல் ஆடிக்கொண்டிருந்தது. இன்னொரு லீவு போட்டால் மிஷின் வேறொருத்திக்கு என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். தெருமுனையில் ஹாரன். போனில், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் வரும் சுகிர்தா:

“இன்னாக்கா, உங்க ராஜா இன்னும் எழுந்துக்கலயா? டிரைவர் கத்திக்கினு கீறாரு!”

“முழிச்சிக்கினேதான் தூங்கறாருடி.”

“ஏங்க, போய்ட்டு வரட்டுமா?” மறுபடி கேட்டாள். விரல் நின்றது. வாய் திறக்கவில்லை.

ரஹ்மத்பீ வடித்த சோற்றையும் கத்தரிக்காய்க் குழம்பையும் ஒரு பருக்கை விடாமல் தூக்கில் அள்ளிக்கொண்டு, அனுமதியில்லாமல் பஸ் ஏறினாள். மத்தியானம் பஸ் பெண்கள் எல்லாரும் சாப்பிட்டார்கள். மாலை வந்து திரும்பவும் உலை வைத்தாள். அவருக்குப் போட்ட சோற்றுத் தட்டைக் கையில் பிடித்தபடியே மறுநாளுக்கான அனுமதியைக் கேட்டாள். அவர் “ம்” என்ற பிறகு தட்டைக் கீழே வைத்தாள்.