புகையிலைத் தண்ணீரில் முக்கி எடுத்த கோழி

இந்த வருஷம் ஆனி கடைசி வெள்ளிக்கிழமை, குற்றாலச் சாரல் தென்காசி வரைக்கும் அடித்தது. பக்கத்து வீட்டு இசக்கியம்மாளுக்கு இருந்தது ஒரே ஒரு அடைகோழி. பேன் போகட்டும் என்று அதைப் புகையிலை ஊறிய தண்ணீரில் முக்கி எடுத்தாள். கொஞ்ச நேரத்தில் கோழி வாயைப் பிளந்து இரைத்தது.

"அண்ணாச்சி, என்னமோ பண்ணுதே!" என்று தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

நல்ல தண்ணீரில் கழுவிக்கொண்டே, படித்ததைச் சொன்னேன். கோழியின் கழுத்தடியில் மூச்சுக்காற்றின் குறைவை உணரும் செல்கள் உண்டு. புகையிலையில் இருக்கும் நிகோடின் தூண்டினால் அவை செரோடோனின் என்ற ரசாயனத்தைக் கசியவிடும். காற்று இருந்தும் போதவில்லை என்று மூளைக்குத் தகவல் போகும்.

"அது கெடக்கட்டும். இது பொழைக்க வழி சொல்லுங்க."

மறுபடியும் தண்ணீர் ஊற்றிக் கழுவி அவளிடம் கொடுத்தேன். கோழி அவள் மடியில் கழுத்தைத் தொங்கப்போட்டது. அடைமுட்டைகள் சாயங்காலத்துக்குள் சில்லிட்டுவிட்டன.

அந்தச் செல்களைப் பற்றி இன்னும் தேடிப் படிக்கிறேன். இசக்கியம்மாள் கேட்டதற்கு மட்டும் எதிலும் பதில் இல்லை.