பதினாலு சீடர்கள்

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் எதிரில் பேசவே நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுத வந்ததற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் எழுதாவிட்டால் இதை எங்கள் டைரக்டர் சொல்லுவார். சொன்னால் தன் பங்கை மட்டும் விட்டுவிடுவார்.

மைசூரில் எங்கள் தமிழ் நாடகக் குழு வருஷா வருஷம் பெரிய வெள்ளியன்று இயேசுவின் பாடுகளை நாடகமாகப் போடுகிறது. ஒத்திகை மண்டி மொஹல்லாவில், மாதா கோயில் ஹாலில். சீடர்களாக நடிப்பவர்கள் எல்லாம் ஒரே ஆஸ்பத்திரி நர்சுகள். நான் திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக்கொடுப்பவள். டியூட்டியால் வராதவர்களின் வசனத்தையும் நானே சொல்லிவிடுவேன். என் முகம் வெளியே தெரியாத வரையில் எனக்குக் கூச்சம் கிடையாது.

இந்த வருஷம் அரசு மானியம் கிடைத்தால்தான் நாடகம் என்ற நிலை. குழுவில் பத்துக் கலைஞர்களாவது இருக்க வேண்டும் என்பது விதி. அதைப் பார்க்க ஒரு நாள் ராத்திரி ஒத்திகைக்கு அதிகாரி சொல்லாமல் வந்து நின்றார். அன்று வந்திருந்த நர்சுகள் நாலே பேர்.

இயேசு வேஷம் போடும் டைரக்டர் திரைக்குப் பின்னால் ஓடி வந்தார். "பாதம் கழுவுற சீன் போடுவோம். கழுவினதும் அந்தப் பக்கமா போயி, சால்வையை மாத்தி இந்தப் பக்கமா வாங்க. தலையை மூடிக்குங்க. அக்கா, குரல் எல்லாம் உங்க பொறுப்பு."

வயசான சீடருக்குக் கட்டைக்குரல் கொடுத்தேன். காட்டிக்கொடுக்கிறவனுக்கு மூக்கால் பேசினேன். மூன்றாவது சுற்றில் ஒரு நர்ஸ், "கால் ஊறிப்போச்சு அக்கா" என்று முணுமுணுத்துக்கொண்டே ஓடினாள். யார் எத்தனையாவது என்று ஒருவரும் எண்ணவில்லை. காட்டிக்கொடுக்கிறவனே இரண்டு தரம் வந்துவிட்டான்.

அதிகாரி எண்ணியிருந்தார். கன்னடம் கலந்த தமிழில் கேட்டார்.

"ஏன்ரீ, நானும் கான்வென்ட்ல படிச்சவன்தான். சீடருங்க பன்னிரண்டு பேர். உங்க இயேசுவுக்கு மட்டும் பதினாலா?"

"இந்த வருஷம் ரெண்டு பேர் எக்ஸ்ட்ரா, சார்" என்றார் டைரக்டர்.

"சந்தோஷா. பதினாலு பேரும் வரிசையா நில்லுங்க. போட்டோ எடுத்து மேலே அனுப்பணும்."

நாலு பேர் ஈரக்காலோடு வந்து நின்றார்கள். டைரக்டர் குனிந்து பாத்திரத்துத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிச்சப் பேரு?"

"வந்துட்டே இருக்காங்க, சார்."

இன்னொரு பொய் சொன்னால் விண்ணப்பம் குப்பைக்குப் போகும், நாடகமும் போகும் என்று தோன்றியது. திரையை விலக்கிக்கொண்டு நான் வெளியே வந்தேன்.

"மிச்சப் பேரு நைட் டியூட்டில இருக்காங்க சார். நிஜமாவே இருக்காங்க. குரலெல்லாம் நான்தான்."

"பதினாலுமா?"

"ஆமா சார்."

"அந்த மூக்கால பேசினது?"

அவர் எதிரிலேயே ஒரு வரி மூக்கால் சொல்லிக் காட்டினேன். அவர் போனைக் கீழே இறக்கிவிட்டுச் சிரித்தார். பிறகு முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டார்.

"பொய்யை நான் எழுத முடியாது. நைட் டியூட்டி எப்ப முடியும்?"

"காலைல ஏழரைக்கு, சார்."

"ஆஸ்பத்திரி கேட்டுக்கு வர்றேன். பத்துப் பேர் இருக்கணும். ஒரே ஆளு ரெண்டு தரம் வந்தா கண்டுபிடிச்சிடுவேன், நெனப்பிருக்கட்டும்."

மறுநாள் காலை ஏழரைக்கு நைட் டியூட்டி முடித்து ஏழு பேர் வெளியே வந்தார்கள். முந்தின நாள் நடித்த நாலு பேரையும் சேர்த்துப் பதினொரு பேர். அதிகாரி ஒரு படம் எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் போனார்.