ஏரி இல்லை என்று சொன்னவர்

அந்தக் காகிதக் கட்டை ஜெராக்ஸ் எடுக்க என் அண்ணன் நான் வேலை பார்த்த கடைக்கே வந்து சேர்ந்தார். சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில், மாணவர் விடுதிகள் இருக்கும் தெருவில் கடை. மாணவர்களின் ஆய்வேடுகளை டைப் அடிப்பது என் வேலை. இடையில் ஆள் வந்தால் ஜெராக்ஸும் போடுவேன்.

“ஊர்ல ஆளுக்கு ஒண்ணு குடுக்கணும். நல்லா தெளிவா போடு” என்றார் அண்ணன்.

2010 வாக்கில் நடந்தது இது. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் கடலோரமாக ஒரு தனியார் அனல்மின் நிலையம் வரப்போவதாகப் பேச்சு. அங்கே எரிக்கும் நிலக்கரியின் சாம்பலைக் கொட்ட எங்கள் ஊர்ப் பக்கம் இடம் பார்த்திருந்தார்கள். அப்படி இடம் எடுப்பதற்கு முன்னால் சுற்றுச்சூழல் ஆய்வு செய்ய வேண்டும், அதன் சுருக்கத்தைத் தமிழில் ஊராட்சி அலுவலகத்தில் வைக்க வேண்டும், பிறகு மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டும். அந்தத் தமிழ்ச் சுருக்கம்தான் அண்ணன் கொண்டுவந்தது. ஊரில் எதிர்ப்புக் குழுவுக்கு அவர்தான் தலைவர்.

பக்கங்களைக் கண்ணாடியில் கவிழ்ப்பதற்கு முன் ஒரு ஓட்டம் பார்ப்பது என் தொழில் பழக்கம். ஒரு பக்கத்தில் இப்படி இருந்தது: “திட்டப் பகுதிக்குள் ஏரி, குளம் எதுவும் இல்லை என்று உள்ளூர் விவசாயி ஒருவர் தெரிவித்தார்.”

அந்த வரியை இன்னொரு தடவை வாசித்தேன். அந்த விவசாயி யார் என்று எனக்குத் தெரியும். அவருக்கு அன்று காலை நான்தான் சோறு கட்டிக் கொடுத்திருந்தேன்.

அதற்குச் சில மாதம் முன்னால், கோடையில் ஒருநாள் என் கணவர் வீட்டுக்கு வந்து வேட்டியை உதறிக்கொண்டே சொன்னார். “ஜீப்புல ஒரு பொண்ணும் பையனும் வந்தாங்க. இங்க ஏரி இருக்குதான்னு கேட்டாங்க. ஏரிக்கு நீங்க லால்பேட்ட பக்கம் போவணும்னு சொன்னேன். குளம் இருக்குதான்னாங்க. அது கோயில்ல இருக்குதுன்னேன். பாவம், நல்ல வெயிலு. தண்ணி குடுத்து அனுப்புனேன்.”

எங்கள் பக்கத்தில் ஏரி என்றால் வீராணம் ஒன்றுதான். வெறுமனே ‘ஏரி’ என்று சொன்னால் சின்னப் பிள்ளைகூட அந்தத் திசையில்தான் கை காட்டும். எங்கள் ஊருக்கு மேற்கே இருப்பது தாங்கல். மழைத் தண்ணீர் வந்து நின்று, தை மாதம் வரை வயலுக்குப் பாய்ந்து, பிறகு வற்றிப்போகும். அதை ஏரி என்று யாரும் சொல்வதில்லை, வீட்டுப் பூனையைப் புலி என்று யாரும் சொல்லாததைப் போல. கோடையில் அங்கே பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள், ஆடு மேயும். ஆய்வுக்கு வந்தவர்கள் ஜீப்பை நிறுத்திவிட்டு ஏரி இருக்கிறதா என்று கேட்டதே அந்தத் தாங்கலுக்குள் நின்றுகொண்டுதான்.

வேறு யாராக இருந்தாலும் “ஏரி இல்ல, ஆனா தாங்கல் இருக்குது” என்று ஒரு வார்த்தை கூடச் சொல்லியிருப்பார்கள். என் வீட்டுக்காரர் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிற பிறவி. கல்யாணமான புதிதில் “சோறு போதுமா மாமா?” என்று கேட்டேன். போதும் என்றார். திரும்பிப் பார்த்தால் குழம்பு இல்லாமல் வெறும் சோற்றைத் தின்றுகொண்டிருந்தார். குழம்பு வேண்டுமா என்று நான் கேட்கவில்லையாம்.

அண்ணனிடம் இதைச் சொல்லாமலேயே ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தேன். அன்று சாயங்காலமே மாரியம்மன் கோயிலில் ஊர்க்கூட்டம். போகாதீர்கள் என்று அவரிடம் கெஞ்சினேன். “போவலன்னாதான் தப்பா நெனப்பாங்க” என்று துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். அண்ணன் அந்த வரியைச் சத்தமாக வாசித்துவிட்டு, “யாருடா அந்த விவசாயி? பொறந்த ஊர வித்த பய?” என்று கேட்டார். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி என் வீட்டுக்காரர் கையைத் தூக்கினார்.

“எங்கிட்டதான் கேட்டாங்க மச்சான்.”

அண்ணன் முகம் கறுத்துவிட்டது. ஊருக்கு முன்னால் சொந்த மாப்பிள்ளை கையைத் தூக்கினால் அவர்தான் என்ன செய்வார்? பின்னாலிருந்து ஒரு குரல் “எவ்ளோ குடுத்தாங்க?” என்று கேட்டது. என் வீட்டுக்காரர் அதற்கும் ஒழுங்காகப் பதில் சொன்னார். “ஒண்ணும் குடுக்கலீங்களே. நான்தான் தண்ணி குடுத்தேன்.” கூட்டம் சிரித்தது. அது நல்ல சிரிப்பு இல்லை.

அடுத்த நாளிலிருந்து அவருக்கு ‘ஏரிக்காரர்’ என்று பேர் வைத்துவிட்டார்கள். டீக்கடையில் அவர் உட்கார்ந்தால் பெஞ்சு காலியாகும். டிராக்டர்காரர் எங்கள் வயலை மட்டும் தாண்டிப் போய் அடுத்த வயலில் இறக்குவார். குழாயடியில் நான் குடத்தை வைத்தால் பேச்சு நின்றுபோகும். எனக்கு வந்த கோபத்துக்கு யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. ஊரைத் திட்டினேன், கம்பெனியைத் திட்டினேன், கடைசியில் வீட்டில் இருந்தவரையே திட்டினேன். “அந்த ஒரு வார்த்தைய சேத்து சொல்லியிருந்தா வாயா தேஞ்சிடும்?” அவர் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டார்.

கருத்துக் கேட்புக் கூட்டம் சாலையோரக் கல்யாண மண்டபத்தில் நடந்தது. வாசலில் போலீஸ் வேன். உள்ளே, பெண்ணும் மாப்பிள்ளையும் உட்கார்கிற இடத்தில் அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த பெரிய அதிகாரி வெளி மாநிலத்துக்காரர், புத்தகத்தில் படித்த தமிழை நிறுத்தி நிறுத்திப் பேசினார். அவருக்குப் பக்கத்தில் ஒருவர் பேசப்படுவதை எல்லாம் எழுதிக்கொண்டிருந்தார். நான் பெண்கள் பக்கம் நடு வரிசையில். என் வீட்டுக்காரர் கடைசிச் சுவரோரம் தனியாக நின்றார். அவருக்கு இரண்டு பக்கமும் நாற்காலி காலியாக இருந்தது.

“நீ அங்க வாயத் தொறக்கக் கூடாது மாப்ள. தொறந்தது போதும்” என்று அண்ணன் காலையிலேயே வந்து எச்சரித்துவிட்டுப் போயிருந்தார்.

முதலில் ஆய்வு செய்த பெண் திரையில் படம் காட்டினாள். நீர்நிலைகள் என்ற இடத்தில் ‘இல்லை’ என்று இருந்தது. அண்ணன் மைக்கைப் பிடித்தார். நன்றாகப் பேசக்கூடியவர். ஆனால் பெரிய அதிகாரிக்குத் தாங்கல் என்றால் புரியாது என்று நினைத்தாரோ என்னவோ, “எங்க ஏரிய அழிக்கப் பாக்குறாங்க, எங்க ஏரி எங்க உயிரு” என்று முழங்கினார்.

“எந்த ஏரி?” என்று கேட்டார் அதிகாரி.

“எங்க ஊர் ஏரிங்க.”

“அந்த ஏரியின் பெயர் என்ன?”

அண்ணன் திணறினார். எங்கள் ஊரில் அப்படி ஒரு ஏரி இருந்தால்தானே பேர் இருக்கும். கம்பெனிக்காரர் எழுந்து, இந்தப் பகுதியில் பெரிய ஏரி வீராணம்தான், அது வெகு தூரத்தில் இருக்கிறது, அதற்கு எந்தப் பாதிப்பும் வராது என்று பணிவாகச் சொன்னார். அதிகாரி தலையை ஆட்டினார். பக்கத்தில் இருந்தவரின் பேனா ஓடியது. கண் முன்னாலேயே தாங்கல் கைவிட்டுப் போகிறது, பிடித்து நிறுத்த ஆளில்லை.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் நடந்துவந்தார். “உக்காருடா ஏரிக்காரா” என்று கத்தினார்கள். அவர் நிற்கவில்லை. அதிகாரி கை காட்ட, மைக்கை அவரிடம் கொடுத்தார்கள்.

“ஏரி இல்லீங்க” என்று ஆரம்பித்தார். “அன்னிக்கு நான்தான் சொன்னேன். இப்பவும் அதேதான் சொல்றேன், எங்க ஊர்ல ஏரி இல்ல…”

அதற்கு மேல் விடவில்லை. நாற்காலிகள் சரிந்தன. அண்ணன் மைக்கைப் பிடுங்கி, கூடவே கன்னத்தில் ஓங்கி ஒரு அறை வைத்தார். அந்தச் சத்தம் மைக்கில் விழுந்து மண்டபம் முழுக்கக் கேட்டது. மச்சான் மாப்பிள்ளையைக் கை நீட்டி அடிப்பது எங்கள் பக்கத்தில் நடக்கிற காரியமா? ஒரு கணம் எல்லோரும் திகைத்தார்கள், அண்ணனும்தான். என் வீட்டுக்காரர் கீழே விழுந்த துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போய்விட்டார்.

நானும் பின்னாலேயே ஓட எழுந்தேன். மேடையில் அந்தப் பேனா இன்னும் எழுதிக்கொண்டிருந்தது. உட்கார்ந்துவிட்டேன். நான் டைப் அடிக்கிறவள். காகிதத்தில் ஏறிய பிறகு ஒரு வரி எப்படி நிலைத்துவிடும் என்று எனக்குத் தெரியும்.

கூட்டம் முடிகிற நேரத்தில், எழுதியதை எல்லோருக்கும் கேட்கும்படி வாசிக்க வேண்டும் என்பது விதி. வாசித்தார்கள். “தங்கள் ஊரில் ஏரி இல்லை என்பதை விவசாயி ஒருவர் நேரில் உறுதிப்படுத்தினார்.” ஊரே எழுந்து கூச்சல் போட்டது. அதிகாரி பொறுமையாக, “கூச்சல் வேண்டாம். திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்” என்றார். திருத்தம் யாரிடமும் இல்லை. கோபம்தான் இருந்தது.

நான் போனேன். மேடைக்கு முன்னால் நின்று மைக்கைக் கேட்டு வாங்கினேன்.

“நீங்கள் யார்?”

“ஏரி இல்லன்னு சொன்னாரே, அவரு பொண்டாட்டி.” சிலர் சிரித்தார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. “சிரிக்கிறவங்க சிரிங்க. அவரு சொன்னது நெசம். எங்க ஊர்ல ஏரி இல்ல. இருக்குறது தாங்கல். அத சொல்றதுக்குள்ளதான் அடிச்சீங்க.”

“தாங்கல் என்றால்?” என்றார் அதிகாரி.

“மழத்தண்ணி வந்து நிக்குற எடம். அதுலதான் எங்களுக்கு ஒரு போகம் வெளையுது. கோடையில காஞ்சி கெடக்கும்.” ஆய்வு செய்த பெண்ணைப் பார்த்துச் சொன்னேன். “நீ அன்னிக்கு ஜீப்ப நிறுத்துனியேம்மா, அதுக்குள்ளதான்.”

அதிகாரி எங்கள் கிராம நிர்வாக அலுவலரைக் கூப்பிட்டுக் கேட்டார். “ஆமாங்கய்யா, தாங்கல் புறம்போக்குன்னே கணக்குல இருக்குதுங்க. ஏரின்னு தேடுனா கெடைக்காதுங்க” என்றார் அவர். பேனா அடித்துத் திருத்தியது. இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். வாசித்தார்கள். “ஏரி இல்லை, ஆனால் தாங்கல் உள்ளது.” அண்ணன் தரையைப் பார்த்தபடி நின்றார்.

மறு ஆய்வு செய்யச் சொன்னார்கள். பிற்பாடு சாம்பலுக்கு வேறு இடம் பார்த்ததாகக் கேள்வி. அங்கே எந்த ஊர்க்காரர் எதை எப்படிச் சொன்னாரோ தெரியாது. எங்கள் தாங்கல் தப்பித்தது.

கூட்டம் முடிந்த அன்று பஸ்ஸுக்குக் காத்திராமல் நடந்தே ஊருக்குப் போனேன். அண்ணன் பின்னாலேயே வந்தார். ஊர் எல்லைக்கு வந்ததும், “ஏம்மா, தாங்கல்னு சொல்லத்தான் மாப்ள வந்துச்சா? நெசமாவா?” என்று கேட்டார்.

நடுரோட்டில் நின்று கத்தினேன். “இன்னும் சந்தேகமா ஒனக்கு? ஒரு தடவ அந்த மனுசன நம்பினா ஒனக்கு என்னா கொறஞ்சிபோவும்? அடிச்ச கையோட அவரு மூஞ்சியில எப்படி முழிப்ப?” அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “வூட்டுக்கு வந்து மன்னிப்பு கேக்குறேன்” என்றார்.

வீட்டில் அவர் மாட்டுக் கொட்டகையில் குந்தியிருந்தார். கன்னத்தில் விரல் தடம் இன்னும் சிவந்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, மேடையில் நடந்தது எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். திருத்தி எழுதியது, மறுபடி வாசித்தது, வாசலில் மச்சான் வந்து நிற்பது. சொல்லி முடித்த சந்தோஷத்தில் வாயில் வந்துவிட்டது.

“தாங்கல்னு சொல்லத்தானே மாமா போனீங்க?”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஊர் முழுக்க அத்தனை நாள் பேசியபோதும், அத்தனை பேர் நடுவில் அறை வாங்கியபோதும் கலங்காத கண் அப்போது கலங்கியது.

“நீயுமா கேக்குற?” என்றார்.