பம்பரின் உள்பக்கம்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக்கும் றஞ்சிதம் அக்கா வீட்டுக்கும் நடுவே ஒரு தகரவேலிதான். வேலிக்கு அந்தப் பக்கம் எப்போதும் யாருடைய காரின் பம்பராவது கிடக்கும். உடைந்த பைபர் பம்பர்களை ஒட்டி, பெயின்ட் அடித்துக் கொடுப்பது அவர்கள் வீட்டுத் தொழில். ஒட்டுவது அக்கா. பெயின்ட் அடிப்பது அவருடைய கணவர் சுடலைமுத்து.

கண்ணாடி நார் குத்தி அரிக்காமலிருக்க அக்கா கைகளில் பவுடரை அப்பி, கணவரின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு உட்காருவார். வெடிப்பைச் சுற்றித் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, கண்ணாடி நாரை வெட்டி வைத்து, ரெசின் பசையைத் தூரிகையால் குத்திக் குத்தி இறக்குவார். ஒரு குமிழி தெரிந்தாலும் பிய்த்தெறிந்துவிட்டு மறுபடி வைப்பார். எல்லாம் பம்பரின் உள்பக்கத்தில். வெளியே பள்ளம் தெரியாமல் புட்டிப் பசை வைத்துத் தேய்ப்பதும் அவர்தான். பெயின்ட் ஏறியதும் அதுவும் மறைந்துவிடும்.

கார்க்காரர்கள் வந்து விரலால் தடவிப் பார்த்துச் சுடலைமுத்துவின் தோளில் தட்டுவார்கள். அக்கா தேத்தண்ணீர் கொண்டுவந்து வைப்பார்.

"அவரு கையத்தான் எல்லாரும் பாக்கிறாங்க" என்றார் ஒருநாள், வேலியோரமாக. "என் கையப் பாரு, சொறிஞ்சு சொறிஞ்சு செவந்து கெடக்கு. யாராச்சும் கேட்டாங்களா?"

ஈரப் பெயின்டில் மழை விழுந்தால் தறப்பாளை இழுத்து மூட அக்கா அவசரப்பட மாட்டார். பெயின்ட் வழிந்து கெட்ட நாளில் அவர் குசினியில் பாட்டுப் பாடுவது எங்கள் வீட்டுக்குக் கேட்கும்.

தொண்ணூற்றேழில் வெள்ளவத்தையிலிருந்து பூபாலசிங்கம் என்பவர் ஒரு பம்பர் கொண்டுவந்தார். முன்பு அக்கா ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி வெடித்திருந்தது. அக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது. உள்பக்கத்தில் ஒரு துண்டு ஹோஸ் பைப்பை நீளமாக வைத்து, அதன்மேல் அடுக்கடுக்காக நாரைப் போர்த்தி, விலா எலும்பு போல ஒன்றை எழுப்பினார். காய்ந்த பிறகு அதை வழுவழுக்க வோட்டர் பேப்பரால் வேறு தேய்த்தார்.

"உள்ளுக்கு எதுக்குடி இம்புட்டுச் சோக்கு? எவன் குனிஞ்சு பாக்கப் போறான்?" என்றார் சுடலைமுத்து.

அக்கா பேப்பரை மறுபடி தண்ணீரில் நனைத்தார். இன்னும் கொஞ்சம் தேய்த்தார்.

பம்பரைக் காரில் பூட்டிய அன்று பூபாலசிங்கம் காரைச் சுற்றி வந்தார். "சுடலை, புதுசை விடத் திறமாயிருக்கு! வெள்ளவத்தை முழுக்க உம்மட பேரைத்தான் சொல்லப் போறன்."

"ஐயா, உள்பக்கத்தையும் ஒருக்காப் பாருங்களேன்" என்றார் அக்கா.

"உள்பக்கத்தை ஆர் பிள்ளை பாக்கப் போயினம்?" என்று சிரித்துவிட்டுக் காரை எடுத்தார்.

பார்க்க ஆள் இருந்தது. வீதி முனைச் சோதனைச் சாவடியில், குண்டு தேடி, நீண்ட கம்பின் நுனியில் கண்ணாடி பொருத்தி வாகனங்களின் அடியைப் பார்ப்பார்கள். அக்கா தேத்தண்ணீர்க் கோப்பைகளைக் கழுவி முடிப்பதற்குள் பூபாலசிங்கம் நடந்து திரும்பி வந்தார். பக்கத்தில் ஒரு பொலிஸ்காரர்.

"பம்பருக்குள்ள என்னவோ ஒளிச்சு வைச்சிருக்கெண்டு சொல்லுறாங்கள். செய்த ஆளைக் கொண்டுவரட்டாம். சுடலை, வாரும்!"

அப்படிக் கூட்டிப்போன தமிழர் எல்லாரும் வீடு திரும்பிய காலம் அல்ல அது. சுடலைமுத்து அடையாள அட்டையைத் தேடி எடுத்து சட்டைப்பையில் வைத்தார். அக்கா என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டு பின்னால் நடந்தார். அவருக்கும் பயம்தான். ஆனாலும் வழியில் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது: "இதுக்கும் அவரத்தான் கூப்புடுறாங்க."

கழற்றிய பம்பர் வீதியோரம் மல்லாந்து கிடந்தது. அதிகாரி தடியால் அந்த விலாவைத் தட்டிப் பார்த்தார். உள்ளே வெறுமையாக ஒலித்தது.

"கவுத மேக ஹெதுவே?" இதைச் செய்தது யார் என்று கேட்டார்.

பூபாலசிங்கம் சுடலைமுத்துவைக் காட்டினார். சுடலைமுத்து அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். அக்கா முன்னே வந்தார்.

"மம தமாய், மஹத்தயா." நான்தான் என்றார். அவர் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை.

அதிகாரி அவருடைய சிவந்த கைகளைப் பார்த்தார். திறந்து காட்டு, இல்லாவிட்டால் இந்த ஆள் ஜீப்பில் ஏற வேண்டும் என்று சுடலைமுத்துவைக் காட்டிச் சிங்களத்தில் சொன்னார். நான் வீட்டுக்கு ஓடிப்போய் அக்காவின் அறுக்கும் வாளை எடுத்துவந்தேன்.

அக்கா பம்பரைப் புரட்டி, பெயின்ட் பக்கத்தை மேலே வைத்தார்.

"அடியே, பெயின்ட்! உள்பக்கமா வெட்டுடி!" என்று கத்தினார் சுடலைமுத்து.

அக்கா வாளை இழுத்தார். பெயின்ட் செதில் செதிலாகத் தெறித்தது. பம்பர் இரண்டு துண்டானது. வெட்டுமுகத்தில் கறுப்பு ஹோஸ் பைப்பின் வெற்றுத் துளை. அதைச் சுற்றி ஒரு குமிழி இல்லாமல் இறுகிய அடுக்குகள். அதிகாரி துளைக்குள் கம்பியை விட்டார். அது மறுமுனையில் வந்தது. வெட்டுமுகத்தை விரலால் தடவி, "ஹொந்த வெட" என்றார். நல்ல வேலையாம். மற்றவர்களையும் கூப்பிட்டுக் காட்டினார்.

பூபாலசிங்கம் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். "இவ்வளவு தடிப்பாயோ பிள்ளை வைச்சனீர்?"

"இன்னுங் கிட்ட வந்து பாருங்க, ஐயா" என்றார் அக்கா.

ஆளுக்கொரு துண்டாகத் தூக்கிக்கொண்டு புருஷனும் பெண்சாதியும் வீட்டுக்கு நடந்தார்கள். வாசலில் தன் துண்டை இறக்கி வைத்தார் சுடலைமுத்து.

"உள்பக்கமா ஒரு சின்னத் துண்டு வெட்டியிருந்தாப் போதுமே. என் பெயின்ட் தப்பிச்சிருக்கும்."

"ஆமா, போதும்" என்றார் அக்கா. பிறகு பவுடர் டின்னை எடுத்துக் கைகளில் அப்பிக்கொண்டார்.