நடக்கத் தெரிந்த அப்பாவுக்கு வீல்சேர் போட்டேன்

இந்த வலைப்பூவில் அதிகம் பேர் படித்த பதிவு, ஊரிலிருந்து அப்பா அம்மாவை அமெரிக்கா வரவழைப்பது பற்றி நான் எழுதியது. விசா நேர்காணலில் என்ன கேட்பார்கள், பெட்டியில் ஊறுகாயை எப்படிக் கட்டுவது, எல்லாம் அதில் இருந்தது. ஐந்தாவது குறிப்பு: ‘நன்றாக நடப்பவர்களாக இருந்தாலும் கட்டாயம் வீல்சேர் போடுங்கள்.’ போன வாரம் அந்தப் பதிவை நீக்கினேன். எங்கே காணோம் என்று நிறையப் பேர் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பதில்தான் இது. படிக்கச் சுகமாக இருக்காது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வீல்சேர் விஷயம் நம் ஆட்களுக்கு விளக்கவே தேவையில்லை. டிக்கெட் போடும்போது சின்னக் கட்டம் ஒன்றில் டிக் அடித்தால் போதும், செலவு கிடையாது. ஆங்கிலம் தெரியாத பெற்றோரை ஒருவர் தள்ளிக்கொண்டுபோய் அடுத்த விமானத்தின் வாசலிலேயே விட்டுவிடுவார். வழி தவறாது, வரிசையும் கிடையாது. இங்கே டல்லாஸுக்குப் பக்கத்தில் காப்பெலில் எங்கள் தெருவுக்கு வந்த அங்கிள் ஆன்ட்டி எல்லாருமே அப்படி வந்தவர்கள்தான். மறுநாள் காலை பார்க்கில் நாலு சுற்று நடப்பார்கள். நாங்களும் சிரித்துக்கொள்வோம்.

இந்த ஜூனில் என் அப்பா அம்மாவை நானே நேரில் போய் அழைத்துவந்தேன். அவர்களுக்கு இது முதல் பயணம். என் ஆஃபீஸில் வாரம் ஐந்து நாளும் நேரில் வரச் சொல்லிவிட்டார்கள். கணவர் செந்திலுக்கும் அதே கதை. மகள் நிலாவுக்கு நாலு வயது, மாதத்தில் ஒரு வாரமாவது காய்ச்சலோடு டேகேரிலிருந்து திரும்பி வருவாள். ‘அப்பா அம்மா ஆசையாய் வந்து இருக்கட்டும்’ என்று எல்லாரிடமும் சொன்னேன். ஆசை எனக்கு, அவசரமும் எனக்கு. அப்பாவுக்கு வர அவ்வளவாக இஷ்டமில்லை. எழுபத்தொரு வயது, கோபிசெட்டிபாளையத்தில் நூல்மில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் காலையில் ஐந்து கிலோமீட்டர் நடப்பவர். “ஆறு மாசந்தானே கண்ணு, வந்துட்டாப் போகுது” என்றார்.

கோபியிலிருந்து சென்னை விமான நிலையம் 420 கிலோமீட்டர். வாடகைக் காரில் மதியம் ஒரு மணிக்குக் கிளம்பி, உளுந்தூர்பேட்டையில் சாப்பிட்டு, இரவு ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்தோம். விமானம் காலை நாலு மணிக்கு. உள்ளே போனதும் இரண்டு வீல்சேர் வந்தது. அம்மா உடனே உட்கார்ந்துவிட்டார். அப்பாதான் முறைத்தார்.

“நல்லா இருக்கறவன் எதுக்குக் கண்ணு உக்காந்துட்டுப் போகோணும்? நீதான் கூட வர்றியே.”

நியாயமான கேள்வி. நான் கூட இருக்கும்போது வழி தவறப் போவதில்லை. வரிசையில் நிற்கச் சோம்பல், அவ்வளவுதான். “சும்மா உக்காருங்கப்பா, எல்லாரும் பண்றதுதான்” என்றேன். உட்கார்ந்தார். பாதுகாப்புச் சோதனைக்கு அந்தப் பக்கம், நான் பையைத் தூக்கத் திணறுவதைப் பார்த்து எழுந்து ஓடி வந்து வாங்கினார். வீல்சேர் தள்ளிய பையன் சிரித்துவிட்டான். எனக்கு மானமே போய்விட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு, “அப்பா, இப்படி ஓடுனீங்கன்னா பொய்னு தெரிஞ்சிரும்” என்றேன்.

தோஹாவில் காலை 6.05. அடுத்த விமானம் 8.10. வாசலருகே விட்டுவிட்டுப் போனார்கள். அப்பா எழுந்து கைகளை நீட்டி மடக்கி, கழிப்பறைக்கு விறுவிறுவென்று நடந்துபோய் வந்தார். எதிரே உட்கார்ந்திருந்த ஒரு தமிழ்க் குடும்பம் தங்களுக்குள் ஏதோ சொல்லிச் சிரித்தது. அப்போதுதான் நான் அதைச் சொன்னேன். வார்த்தை மாறாமல் எழுதுகிறேன்.

“அப்பா, இதே ஆளுங்கதான் டல்லாஸ்ல நம்மகூட இமிக்ரேஷன்ல நிப்பாங்க. வீல்சேர்னு சொல்லிட்டு நடக்கறீங்கன்னு ஆஃபீசருக்குத் தெரிஞ்சா, உங்களத் திருப்பி அனுப்பிருவாங்க. என் விசாவையும் நோண்டுவாங்க. வீடு போய்ச் சேர்ற வரைக்கும் எந்திரிக்காதீங்க.”

அப்படி ஒரு சட்டமும் கிடையாது. வீல்சேரில் வருபவர் எழுந்து நடந்தால் யாரும் எதுவும் செய்யமாட்டார்கள். அப்போதைக்கு வாயில் வந்ததைச் சொன்னேன். ஆனால் அப்பா டவுன் பஸ்ஸில் டிக்கெட் வாங்க மறந்து இறங்கிவிட்டு, திரும்ப ஏறிக் காசு கொடுத்த மனிதர். அவர் முகம் சுண்டிப்போனது. “செரி” என்றார்.

தோஹாவிலிருந்து டல்லாஸ் பதினாறு மணி நேரம். எனக்கும் அவர்களுக்கும் சேர்ந்தாற்போல் இடம் கிடைக்கவில்லை. அவர்கள் 31-வது வரிசை, நான் 38. மூன்று தடவை போய்ப் பார்த்தேன். மூன்று தடவையும் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டோடு வந்த தண்ணீர் மூடி திறக்காமல் அப்படியே இருந்தது. “குடிக்கலையா?” என்றதற்கு, “தாகமில்ல கண்ணு” என்றார். நான் திரும்பிவந்து ஒரு படம் போட்டுவிட்டுத் தூங்கினேன்.

மாலை 4.10-க்கு இறங்கினோம். வாசலில் இரண்டு வீல்சேர். அப்பா எழும்போதே தடுமாறினார். இமிக்ரேஷனில் நீண்ட வரிசையை ஒதுக்கிவிட்டு எங்களை முன்னால் கொண்டுபோனார்கள். எனக்கும் வேலை விசாதான் என்பதால் மூவரும் ஒரே கவுண்டர். பன்னிரண்டே நிமிடம். கைரேகை வைக்க எழுந்து நிற்கச் சொன்னபோது, அப்பா கவுண்டரைப் பிடித்துக்கொண்டு இடது காலைத் தரையில் ஊன்றாமல் நின்றார். ஆஃபீசர், “ஆர் யூ ஓகே, சார்?” என்றார். அப்பா என்னைப் பார்த்தார். “முட்டி வலி” என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். டிசம்பர் வரை ஆறு மாதம் தங்க அனுமதி கொடுத்தார்கள்.

வெளியே வந்ததும் அப்பா தோளைத் தட்டி, “செம ஆக்டிங்பா” என்றேன். நடிக்கிறார் என்று சத்தியமாக நம்பினேன்.

விமான நிலையத்திலிருந்து எங்கள் வீடு பத்து மைல், கால் மணி நேரம். செந்தில் காரோடு வந்திருந்தார். கார் நிறுத்தத்தில் அப்பா ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தார். “அப்பா, போதும், ஆஃபீசர் இங்க வரமாட்டார்” என்று நான் சிரித்தேன். “கெண்டக்காலு புடிச்சுக்குது கண்ணு” என்றார். அவரும் சிரித்தார்.

அது வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை இடது கெண்டைக்கால் வீங்கிச் சூடாக இருந்தது. நீண்ட பயணத்தில் கால் வீங்குவது எல்லாருக்கும் வருவதுதான் என்று நானே தீர்ப்பு சொன்னேன். முன்பதிவு இல்லாமலே போய்க் காட்டக்கூடிய அர்ஜென்ட் கேர் கிளினிக் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு மைல்கூட இல்லை. விசிட்டர் இன்ஷூரன்ஸும் எடுத்திருந்தேன். கால் வலிக்கெல்லாம் போய் நிற்பதா என்று தோன்றியது. அம்மா நல்லெண்ணெயைச் சுடவைத்து, வெள்ளி இரவும் சனி காலையும் மாலையும் கெண்டைக்காலை அழுத்தி நீவிவிட்டார். கொஞ்சம் தேவலாம் என்றார் அப்பா.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு நிலா மாடியிலிருந்து கூப்பிட்டாள். “தாத்தா, கம் அப்ஸ்டேர்ஸ்!” அப்பா ஏறினார். பத்தாவது படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு வாங்கியது. “என்னமோ பண்ணுது” என்றவர் அப்படியே படியில் உட்கார்ந்து சாய்ந்துவிட்டார். 911-ஐ அழைத்தேன். ஏழு நிமிடத்தில் ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் 11.20-க்கு அப்பா இறந்தார். காலில் கட்டிய இரத்தம் பெயர்ந்து நுரையீரலில் போய் அடைத்துவிட்டது என்றார்கள். ஆறு மாதம் கொடுத்த நாட்டில் மூன்று நாள் இருந்தார்.

டாக்டர் என்னிடம் கேட்டார், விமானத்தில் எழுந்து நடந்தாரா, தண்ணீர் குடித்தாரா என்று. “இல்லை” என்றேன். “ஏன்?” என்றார். “தூங்கிவிட்டார்” என்றேன். அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார். நடந்திருந்தாலும் வந்திருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்று நான் கேட்காமலே சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தைத்தான் பல வாரம் பிடித்துக்கொண்டு தொங்கினேன்.

அதே ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ், தொலைபேசியில் தமிழ் மொழிபெயர்ப்பாளரை வைத்து அம்மாவிடம் பேசினார். அம்மா எண்ணெய் போட்டு நீவியதைச் சொல்லியிருக்கிறார். இரத்தம் கட்டிய காலை நீவக் கூடாது என்று நர்ஸிடமிருந்து பதில் வந்திருக்கிறது. நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். அன்றிலிருந்து அம்மா எண்ணெய்க் கிண்ணத்தைத் தொடவில்லை. நிலாவுக்குத் தலை வாரிவிடச் சொன்னால், “என்ற கை வேண்டாஞ் சாமி” என்பார். நான் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். ஒன்றிரண்டு நாள் இல்லை, நாலு மாதம். அம்மாமேல் தப்பில்லை என்று சொல்ல வாயைத் திறந்தால் என்னுடையது வெளியே வந்துவிடும் என்ற பயம். என்னைப் பற்றி எனக்கு இதைவிடக் கேவலமாகச் சொல்ல எதுவுமில்லை.

அப்பாவின் உடலை ஊருக்குக் கொண்டுபோக நாளாகும் என்றார்கள். இங்கேயே தகனம் செய்தோம். நாற்பது நிமிட நேரம் கொடுத்தார்கள். மடக்கு நாற்காலிகள் போட்ட அறை, அண்டை வீட்டு அங்கிள்கள், ஆன்ட்டிகள். கொள்ளி வைப்பதற்குப் பதில் ஒரு பொத்தானைச் செந்தில் அழுத்தினார்.

இனி, இதே போல் பெற்றோரை அழைத்துவர இருப்பவர்களுக்கு. வீல்சேர் போடாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். தனியாக வரும் பெரியவர்களுக்கு அது உதவிதான். ஆனால் அவர்களிடம் தெளிவாகச் சொல்லுங்கள்: எழுந்து நடக்கலாம், நடந்தால் யாரும் கேட்கமாட்டார்கள், விசாவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழ வேண்டும். நடைபாதை ஓரத்து இருக்கை வாங்குங்கள், கூடுதல் காசானாலும். தண்ணீர் குடிக்க வேண்டும். பயணத்துக்கு முன்பே டாக்டரைப் பாருங்கள். காலை இறுக்கிப் பிடிக்கும் காலுறை வேண்டுமா என்று அவர் சொல்வார். ஒரு காலில் மட்டும் வீக்கமோ வலியோ சூடோ இருந்தால் தைலம் எதுவும் தேய்க்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரி போங்கள். இன்ஷூரன்ஸ் எடுப்பது அலமாரியில் வைக்க இல்லை. பயமுறுத்திக் காரியம் சாதிக்காதீர்கள். நம் பெற்றோர் இந்த ஊர் விஷயத்தில் நாம் சொல்வதை அப்படியே நம்புகிறார்கள்.

இதுவரை எழுதியதை இன்று மதியம் சாப்பாட்டு மேசையில் வைத்து அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அம்மா அடுத்த மாதமே ஊருக்குக் கிளம்புகிறார், டிசம்பர் வரை இருக்க மறுத்துவிட்டார். கோபி வீட்டில் இனி தனியாகத்தான் இருக்கப்போகிறார். அதற்குள் சொல்லிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். தோஹாவில் நான் சொன்னது பொய் என்ற இடத்தை இரண்டு தடவை படித்தேன். அம்மா கடைசி வரை கேட்டார்.

“அதுனாலதான்மா. உங்க கையால இல்ல” என்றேன்.

அம்மா மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினார். “நடுவுல ஒருக்கா எந்திரிச்சாரு கண்ணு. காலு மரத்துப் போச்சு, செத்த நடந்துட்டு வாரேன்னாரு. நாந்தான் சட்டையப் புடிச்சு இழுத்து உக்கார வெச்சேன். ‘புள்ள அத்தன தூரஞ் சொல்லியிருக்கறா, நம்மளால அவளுக்கு ஒண்ணும் ஆகக்கூடாது’ன்னேன். அப்பறம் அவரு எந்திரிக்கவே இல்ல.”

“அம்மா, அத எழுத வேண்டாம்” என்றேன்.

“எழுது. உன்னைய மட்டும் எழுதாத. என்னையுஞ் சேத்தி எழுது.”